மாங்காய் ஷெட்டின் பதினோரு பூனைகள்

போன மாதம் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கால்நடை ஆஸ்பத்திரியில் இப்போது என் இடத்தில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருப்பவள். மாதத்தில் ஒரு நாள் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து பார்க்கலாம் என்று மேலே சம்மதம் கிடைத்திருக்கிறதாம். "அந்தக் காலத்துலயே நீங்க செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க மேடம். என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்க" என்றாள். அவள் அந்தக் காலம் என்றது நாலைந்து வருடத்துக்கு முந்திய சங்கதி. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

லிஸ்ட் அனுப்பிவிட்டேன். பொறிக்கூண்டு, எடை பார்க்கும் தராசு, பழைய செய்தித்தாள், கண்ணுக்குப் போடும் களிம்பு, பிளாஸ்திரி, இப்படி இருபத்தெட்டு சாமான். ஆனால் நான் செய்த தப்பு அந்த லிஸ்டில் எந்த வரியிலும் அடங்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி, கோழிக்குத் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. பூனை என்ற சொல் எந்த வகுப்பிலாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. முதல் வேலை இடுக்கிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் பக்கத்தில். அங்கே ஒருநாள் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் பூனையைக் கூடையில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். "யம்மா, இதுக்கு ஒரு ஊசி கீசி இல்லியா? மறுபடி மறுபடி ஈனிப்புடுது. எங்க வீட்டுக்காரரு குட்டிகள அள்ளி ஆத்துல விட்டுர்றாரு. எனக்குப் பாக்க முடியல" என்றாள். நான் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் இருக்கிறது, பூனைக்குக் கட்டமே இல்லை என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அரசாங்க வேலை கிடைத்த புதிது, எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அப்புறம் மாற்றலாகி, கேரள எல்லையோரம் இருக்கும் என் சொந்த ஊரான முதலமடைக்கே வந்து, கடைசிவரை அங்கேயே இருந்தேன். எங்கள் ஊர் மாங்காய்க்குப் பேர் போனது. மற்ற இடங்களில் பூ விடும்போதே இங்கே காய் பறித்து லாரி ஏற்றிவிடுவார்கள். காய் தரம் பிரித்துப் பெட்டி போடுகிற ஷெட்டுகள் ரோட்டோரம் முழுக்க இருக்கின்றன. ஷெட் என்றால் வைக்கோல், வைக்கோல் என்றால் எலி, எலி என்றால் பூனை.

பூனை பெருகினால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டில் கொண்டுபோய் அவிழ்த்து விடுவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் பூனையை இந்தப் பக்கம் கொண்டுவந்து விடுவார்கள். பாதி லாரிச் சக்கரத்தில் போகும். காலியான ஷெட்டுக்கு எலி வாசனை பிடித்து வேறு பூனை வரும். இரண்டு மாநிலமும் சேர்ந்து இத்தனை காலமாகச் சலிக்காமல் செய்துவரும் ஒரே காரியம் இதுதான் என்று நான் ஆபீசில் கிண்டல் செய்வேன்.

பழனிச்சாமி அண்ணனின் ஷெட்டில் பதினோரு பூனைகள். அந்த வருடம் சீசனுக்கு முன்னால் ஒரு பெட்டி வரிசை முழுவதும் பூனை மூத்திரம் அடித்துக் கிடந்ததைக் கண்டு, வடக்கேயிருந்து வந்த வியாபாரி முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் சாக்கு எடுத்து வைத்துவிட்டார். செய்தியை என்னிடம் ஓடிவந்து சொன்னவள் மாராத்தாள். அந்த ஷெட்டில் காய் தரம் பிரிப்பவள். காயைக் கையில் எடுத்தாலே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாள். மத்தியானச் சோற்றில் பாதியைப் பூனைகளுக்குப் போடுகிறவளும் அவள்தான். சாம்பல் நிறத்தில் கிழட்டுத் தாய்ப்பூனை ஒன்று உண்டு. அதற்குச் சாம்பலி என்று பேர் வைத்திருந்தாள். அந்தப் பதினொன்றில் பெரும்பாலானவை சாம்பலியின் வயிற்றில் பிறந்தவை.

"ஏனுங்கக்கா, நாய்க்கெல்லாம் ஆப்ரேசன் பண்றாங்கல்லங்க? இதுகளுக்கும் பண்ணிவுட்டா என்னுங்க?" என்று கேட்டாள்.

நாய்க்குத் திட்டம் இருக்கிறது. பூனைக்கு எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. பாலக்காட்டில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன், கோயம்புத்தூரில் இரண்டில் விசாரித்தேன். ஒரு பூனைக்குச் சொன்ன காசில் ஒரு ஆடு வாங்கலாம். பதினொன்று என்றதும் ஒரு கிளினிக்கில் போனை எடுத்த பெண் சிரித்துவிட்டாள். கடைசியில் எங்கள் டாக்டரிடமே போய் நின்றேன்.

டாக்டர் பத்மஜா ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மிகவும் கோபம் என்றால் உதடு அசைவதுதான் தெரியும். கத்தியைத் தொடுவதற்கு முன் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போடுவார், ஊசிகளை எண்ணி எழுதி வைப்பார், முடிந்ததும் மறுபடி எண்ணுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை என் கை ஃப்ரீ. மருந்தும் நூலும் ஃப்ரீ அல்ல. அதுக்கு வழி பார்த்துட்டு வா" என்றார்.

வழி பிறந்தது. மருந்துச் செலவை ரோட்டோர ஷெட்டுகள் பங்கு போட்டுக்கொண்டன. எலப்புள்ளியில் இருக்கும் என் தம்பி கஞ்சிக்கோட்டில் வெல்டர். கழிவுக் கம்பிவலையில் பன்னிரண்டு பொறிக்கூண்டு செய்து கொடுத்தான். பூட்டிக் கிடந்த பழைய பால் சொசைட்டிக் கட்டடம் அறுவைக்குக் கிடைத்தது. பால் சோதிக்கிற மேஜையைத் தேய்த்துக் கழுவினோம். கிளினிக்கில் ஒன்றுக்குச் செலவாகும் காசில் எங்களுக்குப் பத்துப் பூனை முடியும்.

பழனிச்சாமி அண்ணன்தான் பிடி கொடுக்கவில்லை. அவர் பூனையை அடித்துக் கொல்பவர் அல்ல. பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் பாவம் தீராது என்று நம்புகிற குடும்பம். "பாருங்க அம்மிணி, உங்க பேச்சுக்காக ஒத்துக்கறேன். புதங்கிழமை மொத லோடு. அதுக்குள்ள முடிச்சிருங்க. ஆனா ஒண்ணுகூடச் சாவக்கூடாது. செத்துப்போச்சுன்னா அந்தப் பாவம் என்ற ஷெட்டு மேல வந்துரும். அப்பறம் மிச்சத்தையெல்லாம் அன்னிக்கே மூட்டை கட்டீருவேன்" என்றார். சாக்கில் போய் ரோட்டில் செத்தால் மட்டும் பாவமில்லையா என்று நான் கேட்டேன். அது எங்கேயோ சாகிறது, யாரோ லாரிக்காரன் பார்த்துக்கொள்வான் என்றார். பாவத்துக்கும் செக்போஸ்ட் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பதினொன்றும் கூண்டுக்குள் வந்துவிட்டன. மாராத்தாள் கூப்பிட்டால் வருகிற பூனைகள், பிடிப்பது சுலபம். கூண்டுகளைச் சொசைட்டி வராந்தாவில் வரிசையாக வைத்துத் துணி போட்டு மூடினோம். "ராத்திரியும் காலையும் ஒண்ணும் குடுக்காதீங்க" என்று காவலுக்கு இருந்தவரிடம் சொன்னேன். மாராத்தாளிடம் சொல்லவில்லை.

டாக்டரிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். எங்கே பிடித்தது, கடைசியாக எப்போது தின்றது, யார் பார்த்தது. மூன்றாவதில் ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் அவ்வளவுதான். அதனால் அவருக்கு "தின்றிருக்காது" என்ற சொல் பிடிக்காது. பார்த்தவர் யார் என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு நான் போய், வராந்தாவில் உட்கார்ந்து, பதினோரு பிளாஸ்திரியிலும் "ஷெட், சனி மாலை 6, சரஸ்வதி" என்று என் பெயரைப் போட்டு வரிசையாக எழுதி ஒட்டினேன். நான் பார்த்தது சனிக்கிழமை மாலையை மட்டும்தான். ராத்திரியில் இவற்றுக்கு யார் வந்து விருந்து வைக்கப் போகிறார்கள் என்ற எண்ணம். காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் நான்கு கடுவன்கள். ஆணுக்குச் சில நிமிட வேலை. மயக்கத்தில் கிடக்கும் பூனைக்குக் கண் மூடாது, காய்ந்துபோகாமல் இருக்கக் களிம்பு தடவ வேண்டும். இடது காது நுனியைத் துளி வெட்ட வேண்டும், கருத்தடை ஆனது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு. இதெல்லாம் என் பொறுப்பு. மூன்றாவது பூனை மயக்க ஊசி போட்டதும் வாந்தி எடுத்தது. அந்த ஊசிக்குப் பூனை வாந்தி எடுப்பது சகஜம், நுரையும் மஞ்சள் தண்ணீருமாக வரும். இதில் சோற்றுப் பருக்கை இருந்தது.

டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளை அப்படியே மடித்துக் குப்பைப் பையில் போட்டேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டால் என்னால் சொல்ல முடியும். சொன்னால் அவர் அந்த நிமிடமே நிறுத்திவிடுவார். நிறுத்தினால் புதன்கிழமைக்குள் முடியாது. முடியாவிட்டால் சாக்கு. ஒரு பூனை எப்படியோ நாலு பருக்கை தின்றிருக்கிறது, அதுவும் வெளியே வந்துவிட்டது, மற்றவை சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கூண்டைத் தூக்கி வந்தேன்.

ஐந்தாவது சாம்பலி. ஊசி போட்டபோது அது வாந்தி எடுக்கவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. அடுத்த பெண்பூனைக்கும் ஊசி போட்டுப் பக்கத்தில் கிடத்தினோம். சாம்பலியை மல்லாக்கப் போட்டுக் கால்களைக் கட்டி, வயிற்றைச் சிரைத்து, டாக்டர் சின்னதாகக் கீறினார். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்துச் சினைப்பையைக் கொக்கியால் இழுத்தபோது சாம்பலியின் தொண்டை ஒருமுறை குலுங்கியது. வாயோரத்தில் சோறும் கருவாட்டுத் துணுக்கும் வந்தன. அப்புறம் நெஞ்சு அசையவில்லை.

"தலையைத் தாழ்த்து" என்றார் டாக்டர். மேஜையில் பூனையின் கால் இருந்த பக்கத்தை என் முழங்காலால் தூக்கிப் பிடித்தேன். அவர் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். பஞ்சை விட்டுத் தொண்டையைத் துடைத்தார். மெல்லிய குழாயைச் சிரிஞ்சில் மாட்டி உறிஞ்சினார், மறுபடி உறிஞ்சினார். இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கினார். நாக்கு நீலமாகிக்கொண்டே வந்தது. திறந்த வயிறு அப்படியே இருக்கிறது. அப்போது அவர் தலையைத் தூக்காமல் கேட்டார். சத்தமே இல்லை, உதடுதான் அசைந்தது.

"யார் பார்த்தது?"

கூண்டில் என் பெயர் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பூனை மயங்கிக் கிடக்கிறது. நான் பேசாமல் இருந்தால் அதுவும் இதே மேஜைக்கு வரும்.

"யாரும் பாக்கல மேடம். நான் சும்மா எழுதினேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயை அடைக்க முடியவில்லை. "முன்னாடியே ஒண்ணு சோறு வாந்தி எடுத்துச்சு மேடம். உங்களுக்குத் தெரியாம மடிச்சுப் போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வெளியே போய்க் கேள். எதுக்கெல்லாம் கொடுத்தாங்கன்னு கேள்" என்றார். அந்த நேரத்தில் சாம்பலி ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் இன்னொன்று.

வெளியே மாராத்தாள் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டதும் மிரண்டுபோனாள். "காலைல ஆறு மணிக்கு வந்தனுங்கக்கா, காவக்காரரும் நான்தானேன்னு உட்டுட்டாருங்க. எல்லாம் பசியில கத்திக் கெடந்துதுங்க. பட்டினி போட்டுக் கத்த வெக்கறது பாவமில்லீங்களா? ஆசுபத்திரிக்குப் போறவங்களுக்கு நாம ஒரு வாய் ஊட்டித்தானுங்க அனுப்பறோம்?" என்றாள்.

"எதுக்கெல்லாம் போட்டே?"

"கத்துனதுக்கெல்லாம் போட்டனுங்க. எது கத்துச்சு, எது கத்தலைன்னு இப்ப எப்படீங்க சொல்றது?"

உள்ளே வந்து சொன்னேன். டாக்டர் சாம்பலியின் வயிற்றை முடித்துத் தைத்தார். மயங்கிக் கிடந்த இரண்டாவதைத் தலை தாழ்த்தி வைத்துத் தொண்டையில் குழாயை வைத்துக்கொண்டே வேகமாக முடித்தார். அது தப்பியது. மிச்சம் ஐந்தைத் தொடமாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறுவரை அவற்றை ஷெட்டுக்கு அனுப்பாமல் சொசைட்டியிலேயே ஒரு பெரிய கோழிக்கூண்டில் அடைத்து வைப்பது என்று முடிவாயிற்று. ஊசிகளை எண்ணினார், சரியாக இருந்தன. கை கழுவும்போது சொன்னார்: "சோறு போட்டது தப்பு அல்ல, சரஸ்வதி. அவளுக்கு அறியில்லா. நாளைக்கு நீ ஒண்ணு சொன்னா நான் நம்பணுமா வேண்டாமா, அது மாத்திரம் பறஞ்சா போதும்."  இத்தனை வருட உத்தியோகத்தில் யாரிடமும் தலைகுனிந்து நிற்காதவள், அன்றைக்கு அந்தப் பால் சொசைட்டியில் நின்றேன்.

சாம்பலியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நெஞ்சுக்குள் இறங்கியது இறங்கியதுதான். டாக்டர் காலையும் மாலையும் வந்து ஊசி போட்டார், அதைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. திங்கட்கிழமை கொஞ்சம் தண்ணீர் குடித்தது. செவ்வாய்க்கிழமை வயிறு முழுக்கத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. புதன்கிழமை காலை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே செத்துப்போனது.

அன்றைக்குத்தான் முதல் லோடு. ஷெட்டில் லாரி நிற்கிறது, பெட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பூனை என் வீட்டில் சுகமாக இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும், கோழிக்கூண்டில் இருக்கும் ஐந்தும் பிழைத்துவிடும், ஷெட்டுக்குத் திரும்பிப் போன ஐந்தும் பிழைத்துவிடும். ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் அந்த வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஏற்கெனவே பதினோரு பிளாஸ்திரியில் பொய் எழுதியவள் நான். இன்னொன்றுக்கு எனக்குத் தெம்பு இல்லை.

"அண்ணா, சாம்பலி செத்துப்போச்சுங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த சாக்குநூலைக் கீழே போட்டார். "நான் சொன்னனா இல்லியா அம்மிணி?" என்று ஆரம்பித்தார். லாரி ஏற்றுகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

"என் ஊட்டுல செத்துச்சுங்கண்ணா. சரியாப் பாக்காம டாக்டருக்குப் பொய் சொன்னது நான். உங்க ஷெட்டுக்கு இதுல சம்பந்தமில்லீங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா அது என்னுது."

அவர் குனிந்து சாக்குநூலை எடுத்தார். ஒரு பெண்பிள்ளை தானாக வந்து பாவத்தை என் தலையில் எழுது என்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "அந்த மிச்சம் அஞ்சுக்கும் நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, நின்றவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? பெட்டியத் தூக்குங்கப்பா" என்று அதட்டினார்.

அதைவிடக் கஷ்டம் மாராத்தாளிடம் சொல்வதுதான். பெட்டிகளுக்குப் பின்னால் அழைத்துப்போய், எல்லாவற்றையும் சொன்னேன். மயக்கத்தில் சோறு எப்படி மேலே வரும், எங்கே இறங்கும், ஏன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முதல் தடவையாக அவளுக்கு விளக்கினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"இத மொதல்லயே எனக்குச் சொல்லீருக்கலாமுல்லீங்க அக்கா? சொல்லீருந்தா நான் செய்வனுங்களா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். காவல்காரரிடம் உத்தரவு சொன்னேன், டாக்டருக்கு எழுதிக் காட்டினேன். காய் பிரிக்கிறவளுக்குக் காரணம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். லயத்துப் பெண்ணிடம் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டியதும் இதே புத்திதான். அந்தப் பூனைகள் ஒவ்வொன்றின் வயிற்றையும் அறிந்தவள் அவள் ஒருத்தி. அவளிடம் மட்டும்தான் நான் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஐந்து கூண்டுகளுக்கும் முன்னால் மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். நான் வந்தபோது ஐந்தும் கத்திக்கொண்டிருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்த நேரம் பொறுத்துக்கோ சாமி, செத்த நேரம்" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரியில் மூன்றாவது வரியில் அவள் பெயரை எழுதினேன். டாக்டர் வாசலுக்கே வந்து, என்னைக் கேட்காமல், அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நான் பாத்தனுங்க. ஒரு வாய் குடுக்கலீங்க. தண்ணிகூட எடுத்துட்டனுங்க" என்றாள் மாராத்தாள்.

டாக்டர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார்.

மத்தியானத்துக்குள் ஐந்தும் முடிந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாள் விரித்து, காற்றுப் படாமல், வரிசையாகக் கிடத்தினோம். ஒவ்வொன்றாகத் தலை தூக்கித் தள்ளாடியது. டாக்டர் கிளம்பிப் போனபின் நான் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மாராத்தாள் பக்கம் நகர்த்தினேன். முந்தின ராத்திரியிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். இதுகளைப் பட்டினி போட்டுவிட்டுத் தனக்கு எப்படி இறங்கும் என்றாள்.

"இப்பத்தான் முடிஞ்சுதே, சாப்பிடு" என்றேன்.

"அதுகளுக்கு எப்பங்க குடுக்கலாம்?"

"நல்லா முழிச்சப்பறம். சாயங்காலம் ஆயிரும்."

"அப்ப நானும் சாயங்காலமே சாப்புட்டுக்கறனுங்க" என்றாள்.

நான் பொட்டலத்தை மறுபடி மடித்தேன். ஐந்தும் எழுந்து நிற்கும்வரை இரண்டு பேரும் சாப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.